கோலாலம்பூரில் நாதஸ்வரம் கற்ற ஜாஸ் கலைஞர் சார்லி மரியானோ

சிரம்பான் – லோபாக் வட்டாரத்தில் ஒரு கோயில் திருவிழாச் செய்திக்காகச் சென்றிருந்தேன். மேளக்காரர்கள் அமர்ந்திருந்த கொட்டகைக்குப் பின்னால் ஒரு சின்ன வாக்குவாதம் நடந்துகொண்டிருந்தது. ஒரு பக்கம் நாதஸ்வரம் பழகும் பதினாறு வயதுத் தம்பி. மறுபக்கம் அவருடைய தாத்தா, ஒரு காலத்தில் தோட்டம் தோட்டமாகப் போய்த் தவில் வாசித்தவர். தம்பியின் கைப்பேசியில் சாக்ஸபோன் இசை ஓடிக்கொண்டிருந்தது. பிரச்சினையே அதுதான்.

சாதகம் செய்ய வேண்டிய நேரத்தில் பேரன் காதில் இயர்போனை மாட்டிக்கொண்டு ஜாஸ் கேட்கிறார் என்பது தாத்தாவின் புகார். கண்டதையும் கேட்டால் கமகம் போய்விடும், பிறகு கோயிலில் உட்கார்ந்து ஒரு கீர்த்தனையைக்கூட ஒழுங்காக வாசிக்க முடியாது என்று அவர் பயப்படுகிறார். தம்பியோ, அதைக் கேட்டால்தான் நாயனத்தைக் கையில் எடுக்கவே மனம் வருகிறது என்கிறார். பேச்சு முற்றி, இனிமேல் திட்டினால் நாயனத்தையே விட்டுவிடுவேன் என்றும் சொல்லிவிட்டார். நம் ஊரில் நாதஸ்வரம் பழக வரும் பிள்ளைகளே குறைவு. அதில் ஒருவர் விட்டுவிடுவேன் என்றால் கேட்பவர்களுக்குத் திக்கென்றுதான் இருக்கும்.

பல்கலைக்கழகத்தில் தமிழியல் படித்தவர் என்பதற்காக இருவரும் என்னிடம் நியாயம் கேட்டார்கள். எனக்கு ராகம் கண்டுபிடிக்கும் அளவுக்குக்கூட ஞானம் கிடையாது. ஆனால் இந்த வழக்குக்குப் பொருத்தமான ஒருவரின் கதை தெரியும். அவர் நாதஸ்வரம் கற்ற இடம் தஞ்சாவூர் அல்ல, நம் கோலாலம்பூர். அவர் பெயர் சார்லி மரியானோ.

மரியானோ 1923 நவம்பர் 12-ஆம் தேதி அமெரிக்காவின் போஸ்டன் நகரில் பிறந்தார். பெற்றோர் இத்தாலியிலிருந்து பிழைப்புத் தேடி வந்து குடியேறியவர்கள். பிழைக்க வந்த ஊரில் பிறந்து வளர்ந்த பிள்ளை என்பதால், நம் தாத்தா பாட்டி கதை தெரிந்தவர்களுக்கு அந்த வீட்டைக் கற்பனை செய்வது சிரமமாக இருக்காது. ஆல்டோ சாக்ஸபோன் அவர் கைக்கு வந்தபோது பதின்ம வயதைத் தாண்டும் பருவம். நம் கணக்குப்படி கொஞ்சம் தாமதமான தொடக்கம்தான். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இராணுவ இசைக்குழுவில் வாசித்தார். போர் முடிந்து ஊர் திரும்பியதும் ஷில்லிங்கர் ஹவுஸ் என்ற இசைப்பள்ளியில் சேர்ந்தார். அந்தப் பள்ளிதான் பின்னாளில் உலகப் புகழ் பெற்ற பெர்க்லி இசைக் கல்லூரி ஆனது.

அன்றைய ஜாஸ் இளைஞர்களுக்குப் பள்ளியைவிடப் பெரிய ஆசான் இசைத்தட்டு. ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம் மட்டுமே ஓடும் 78 சுற்றுத் தட்டுகள். முள்ளைத் தூக்கித் தூக்கி அதே இடத்தில் வைத்து, ஒரு வரியை முதலில் வாயால் பாடிப் பார்த்து, பிறகு கருவியில் தேடிப் பிடிப்பார்கள். பின்னர் 33 சுற்று நெடுந்தட்டுகள் வந்தபோது இன்னொரு உபாயமும் கிடைத்தது. அதைப் பாதி வேகத்தில் சுழலவிட்டால் சுரங்கள் சரியாக ஒரு ஸ்தாயி கீழே இறங்கும். மின்னல் வேகப் பிடியும் நிதானமாகக் காதில் விழும். இன்று கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்தினால் சுருதி இறங்காமலே வேகம் குறைகிறது. வசதி கூடியிருக்கிறது. வாயால் பாடிப் பார்க்கும் வேலை மட்டும் குறைந்துவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

அந்தத் தலைமுறை ஆல்டோ கலைஞர்கள் எல்லாரையும் பிடித்து ஆட்டியவர் சார்லி பார்க்கர். அவரே தட்டுகளைக் கேட்டு உருவானவர்தான். 1937-ஆம் ஆண்டுக் கோடையில் அவர் ஒரு குழுவோடு மலைப்பகுதி விடுதி ஒன்றுக்கு வாசிக்கப் போனார். கூடவே லெஸ்டர் யங் வாசித்த தட்டுகளையும் எடுத்துச் சென்று, அவற்றைக் கேட்டுக் கேட்டே சாதகம் செய்தார். ஊர் திரும்பியபோது வேறு ஆளாக இருந்தார் என்பார்கள். அப்போது பார்க்கருக்கு வயது பதினாறு. லோபாக் தம்பியின் வயதேதான். இதைச் சொன்னதும் தம்பி தாத்தாவைப் பார்த்துச் சிரித்தார். தாத்தா சிரிக்கவில்லை.

1940களின் நடுவில் பார்க்கரின் பதிவுகள் வெளிவந்ததும், மரியானோவும் அந்த அலையில் சிக்கினார். பார்க்கரின் வழியில் வந்தவர் என்ற அடையாளம் நெடுநாள் அவரோடு ஒட்டிக்கொண்டிருந்தது. அது பெருமைதான், கூடவே ஒரு சுமையும்கூட. நம் பக்கத்தில் ராஜரத்தினம் பிள்ளையின் தோடி இசைத்தட்டைக் கேட்டு வளர்ந்த நாதஸ்வரக்காரர்களை நினைத்துப் பாருங்கள். எத்தனை பேர் அந்தத் தோடியிலேயே நின்றுவிட்டார்கள், எத்தனை பேர் அதைத் தாண்டி வந்தார்கள்? தட்டு ஒருவரைத் தூக்கியும் விடும், அப்படியே அச்சாக வார்த்தும் விடும்.

மரியானோ அச்சை உடைக்க ஏறக்குறைய இருபது வருடம் எடுத்துக்கொண்டார். 1953 முதல் 1955 வரை ஸ்டான் கென்டனின் பெரிய இசைக்குழுவில் வாசித்தார். பிறகு கலிபோர்னியாவில் சில காலம் இருந்துவிட்டு, மறுபடி போஸ்டன் திரும்பி, தாம் படித்த பள்ளியிலேயே ஆசிரியரானார். 1959-இல் ஜப்பானியப் பியானோ கலைஞர் டோஷிகோ அகியோஷியை மணந்தார்.

டோஷிகோவின் கதையும் இசைத்தட்டில் தொடங்கிய கதைதான். மஞ்சூரியாவில் பிறந்து, போர் முடிந்ததும் குடும்பத்தோடு ஜப்பானுக்குத் திரும்பியவர். அங்கே தட்டுச் சேகரிப்பாளர் ஒருவர் டெடி வில்சன் என்ற ஜாஸ் பியானோ கலைஞரின் தட்டு ஒன்றைப் போட்டுக் காட்ட, அன்றோடு இதுதான் தம் வழி என்று முடிவு செய்துவிட்டார். 1956-இல் பெர்க்லிக்குப் படிக்க வந்த முதல் ஜப்பானிய மாணவர் அவர். இருவரும் சேர்ந்து குழு அமைத்து வாசித்தார்கள், ஜப்பானிலும் வாழ்ந்தார்கள். அவர்கள் மகள் மண்டே மிச்சிரு 1963-இல் டோக்கியோவில் பிறந்து, பின்னாளில் பாடகியானார். மேற்கத்திய இசைதான் உலகம் என்று நினைத்திருந்த ஒரு போஸ்டன்காரருக்குக் கிழக்கின் கதவு முதலில் திறந்தது இந்த மணவாழ்க்கையில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அதே 1963-இல், சார்லஸ் மிங்கஸ் என்ற பெரிய கலைஞரின் 'தி பிளாக் செயின்ட் அண்ட் தி சின்னர் லேடி' என்ற புகழ்பெற்ற இசைத்தட்டில் மரியானோ வாசித்தார். அதில் அவருடைய சாக்ஸபோன் பாடுவதுபோலவும் இருக்கும், அழுவதுபோலவும் இருக்கும். ஜாஸ் பரிச்சயமே இல்லாத நம்மவர்கள் அவரைக் கேட்கத் தொடங்குவதற்கு நல்ல இடம் இது. ஒரு நாதஸ்வரக்காரர் உதட்டால் ஒரு சுரத்தை அசைத்து இழுப்பாரே, அதற்குப் பக்கத்தில் வரும் ஒலியை இதில் கேட்கலாம்.

இனி நம் ஊர்க் கதை.

அமெரிக்க அரசு அந்தக் காலத்தில் தன் ஜாஸ் கலைஞர்களை வெளிநாடுகளுக்கு அனுப்பி வைப்பது வழக்கம். அப்படி ஓர் ஏற்பாட்டில், 1967 வாக்கில் மரியானோ மலேசியா வந்தார். வானொலி மலேசியாவின் இசைக்குழுவுக்குப் பயிற்சி அளிப்பது அவர் வேலை. அல்போன்சோ சோலியானோ என்ற ஜாஸ் பியானோ கலைஞரின் தலைமையில் 1960களின் தொடக்கத்தில் உருவான இசைக்குழு அது. பி. ரம்லி சிங்கப்பூரிலிருந்து கோலாலம்பூருக்கு வந்து படம் எடுத்துக்கொண்டிருந்த காலம். நம் தோட்டத்து லயங்களில் ஒரு வானொலிப் பெட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் உட்கார்ந்து தமிழ்ப் பாட்டுக் கேட்ட காலமும் அதுவே.

கோலாலம்பூரில் அவர் காதில் விழுந்தது நாதஸ்வரம். மலேசியத் தமிழருக்கு அது தினசரிச் சத்தம். கோயிலில் பூசை நேரத்தில் கேட்கும், கல்யாணத்தில் தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்தோடு கேட்கும், ரத ஊர்வலத்தில் கேட்கும். சத்தம் அதிகம் என்று நம்மில் சிலர் மண்டபத்தின் பின்வரிசைக்கு நகர்வதும் உண்டு. மரியானோ முன்வரிசைக்குப் போனார். வெறுமனே ரசித்துவிட்டு விமானம் ஏறியிருக்கலாம். நினைவுப் பொருளாக ஒரு நாயனத்தை வாங்கிச் சுவரில் மாட்டியிருக்கலாம். அவரோ ஓர் ஆசிரியரைத் தேடிப் போய் மாணவராகச் சேர்ந்தார்.

அப்போது அவருக்கு வயது நாற்பத்து மூன்று. கல்லூரியில் மற்றவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தவர். மிங்கஸோடு வாசித்தவர். அப்படிப்பட்டவர் நாயனத்தில் சுத்தமான ஒரு ஸட்ஜம் வரவழைக்க ஆரம்பப் பாடத்திலிருந்து தொடங்க வேண்டியிருந்தது. இந்த இடத்தில் தாத்தா முதல் முறையாகத் தலையை ஆட்டினார்.

சாக்ஸபோன்காரருக்கு நாதஸ்வரம் எளிதாக வந்துவிடும் என்று நினைக்கக்கூடாது. இரண்டும் வாய்ப்பக்கம் குறுகி அடிப்பக்கம் விரியும் குழாய்கள்தான். இரண்டிலும் நாணல் வகைத் தட்டைதான் அதிர்கிறது. உறவு அதோடு சரி. சாக்ஸபோனில் ஒற்றைத் தட்டை ஒரு வாய்க்கட்டையில் கட்டப்பட்டிருக்கும். நாதஸ்வரத்தின் சீவாளியில் இரண்டு இதழ்கள் ஒன்றோடொன்று அதிரும். சாக்ஸபோனில் துளைகளை மூடித் திறக்க உலோகச் சாவிகள் உண்டு, ஒவ்வொரு சுரத்துக்கும் ஏறக்குறைய இடம் குறித்து வைத்திருக்கும். நாதஸ்வரத்தில் இருப்பதோ ஏழு விரல் துளைகள். சுரத்தின் பாதியை விரல் செய்யும், மீதியை உதடும் மூச்சும் செய்ய வேண்டும். துளையைக் கால்பங்கு மூடுவதா அரைப்பங்கு மூடுவதா, காற்றை எவ்வளவு அழுத்துவது என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் முழுதாக எழுதி முடியாது. கமகம் பிறப்பது அந்த இடத்தில்தான். பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்து வாசித்துக் காட்ட வேண்டும். தப்பு வரும்போது முகம் சுளிக்க வேண்டும். இசைத்தட்டு முகம் சுளிக்காது.

மரியானோவின் வாழ்க்கையில் எனக்கு மிக முக்கியமாகப் படுவது இதுதான். இளம் வயதில் தட்டு அவருக்கு வழி காட்டியது. ஆனால் நாதஸ்வரம் என்று வந்தபோது, தட்டு போதாது என்பதை உடனே புரிந்துகொண்டார். கோலாலம்பூரில் தொடங்கிய பாடம் அவரை விடவில்லை. 1970களில் தென்னிந்தியாவுக்கே சென்று, மாதக்கணக்கில் தங்கி நாதஸ்வரம் கற்றார்.

அதற்குள் அவர் வாழ்க்கையும் இடம் மாறியிருந்தது. டோஷிகோவும் அவரும் 1967-இல் பிரிந்தனர். 1970களின் தொடக்கத்தில் அமெரிக்காவை விட்டு ஐரோப்பாவுக்குப் போய், கடைசியில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நிலைத்தார். ராக் இசையும் ஜாஸும் கலந்து ஃபியூஷன் என்ற பெயரில் புது அலை எழுந்த நேரம் அது. பெரும்பாலோர் அந்தக் கலவைக்கு மின்சாரக் கித்தாரைக் கொண்டுவந்தார்கள். மரியானோ கொண்டுவந்தது சாக்ஸபோனோடு நாதஸ்வரத்தையும். மியூனிக் நகரத்து எம்பிரியோ குழுவின் 1973-ஆம் ஆண்டு இசைத்தட்டு 'வி கீப் ஆன்'. அதில் அவர் நாதஸ்வரம் வாசித்திருக்கிறார். ஃபியூஷன் என்றதும் நம்மவர்கள் வாயில் வருவது சக்தி குழுவின் பெயர். ஜான் மெக்லாக்லின், எல். சங்கர், சாகிர் உசேன், விக்கு விநாயக்ராம் ஆகியோரின் அந்தக் குழுவின் முதல் இசைத்தட்டு வந்தது 1976-இல். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே ஜெர்மனியின் ராக் ரசிகர்கள் நாயன ஓசையைக் கேட்டுவிட்டார்கள்!

நேர்மையாக ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அவருடைய நாதஸ்வரத்தை நம் கோயில் வித்துவான்களின் வாசிப்போடு வைத்துப் பார்த்தால் எடுபடாது. ராகத்தை விரித்து ஆலாபனை செய்யும் முயற்சி அதில் இல்லை. ஜாஸ்காரரின் மூச்சில் நாயனத்தின் நிறம் கலந்திருக்கிறது, அவ்வளவுதான். தாத்தாவின் காதுக்கு அது பிடிக்காமல் போகலாம், அதில் தப்பும் இல்லை. ஆனால் அதன் பிறகு மரியானோ சாக்ஸபோன் வாசிப்பதைக் கேட்டால் ஒரு மாற்றம் தெரிகிறது. சுரத்திலிருந்து சுரத்துக்குத் தாவிய இடங்களில் இப்போது வழுக்கி இறங்குகிறார். ஒரே சுரத்தில் நின்று அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார். நாயனத்தில் பட்ட பாடு சாக்ஸபோனில் பலித்திருக்கிறது. பார்க்கரின் நிழலிலிருந்து அவர் முழுதாக வெளியே வந்தது இந்தப் பாதையில்தான் என்பது என் எண்ணம்.

அதற்கு நல்ல சாட்சி 1983-இல் வந்த 'ஜோதி'. பெங்களூரில் மிருதங்க வித்துவான் டி.ஏ.எஸ். மணி 1964-இல் தொடங்கிய கர்நாடகா தாளவாத்தியக் கல்லூரியின் கலைஞர்களோடு சேர்ந்து வாசித்த இசைத்தட்டு அது. ஆர்.ஏ. ரமாமணி பாட, மிருதங்கம், கடம், கஞ்சிரா, கொன்னக்கோல் எல்லாம் உண்டு. மரியானோ அதில் சாக்ஸபோனும் புல்லாங்குழலும் வாசிக்கிறார். புகழ் பெற்றவர் அவர்தான், ஆனால் பல இடங்களில் ரமாமணியின் குரலுக்குப் பின்னால் ஒதுங்கி நிற்கிறார். பாடகர் ஒரு சங்கதியை முடித்த பிறகே தாம் தொடங்குகிறார். நம் கச்சேரிகளில் வயலின்காரர் பாடகரைப் பின்தொடர்வது போன்ற மரியாதை அது. அந்தக் குழுவோடு அவருக்கு இருந்த நட்பு பல ஆண்டுகள் நீடித்தது.

இந்தப் பாதையில் எதிர்ப்பக்கமிருந்து நடந்து வந்தவரை நம் வாசகர்கள் நன்றாக அறிவார்கள். கத்ரி கோபால்நாத் மங்களூர் வட்டாரத்து நாதஸ்வரக்காரரின் மகன். மைசூர் அரண்மனை வாத்தியக் குழுவில் சாக்ஸபோனைக் கேட்டு மயங்கி, அதைக் கையில் எடுத்து, கர்நாடக இசைக்கு வளைத்தவர். 1994-இல் 'டூயட்' படம் வந்த பிறகு அவருடைய சாக்ஸபோன் ஒலிக்காத தமிழ் வீடே இல்லை. 2019-இல் அவர் மறைந்தார். நாயன வீட்டுப் பிள்ளை சாக்ஸபோனுக்குப் போனார். சாக்ஸபோன்காரர் நாயனத்துக்கு வந்தார். இருவருமே கேட்டது போதும் என்று நிற்காமல், வருடக்கணக்கில் உட்கார்ந்து பழகியவர்கள்.

மரியானோ எண்பது வயதைத் தாண்டியும் மேடை ஏறினார். புற்றுநோயால் 2009 ஜூன் 16-ஆம் தேதி கொலோனில் காலமானார். அப்போது அவருக்கு வயது 85.

கதையை முடித்ததும் தீர்ப்பு என்ன என்று தாத்தா கேட்டார். தீர்ப்புச் சொல்ல எனக்குத் தகுதியில்லை, இதைப் பற்றி விசாரித்துத் தெரிந்துகொண்டதை மட்டும் சொன்னேன். ஜாஸ் கேட்பதால் கை கெடாது. ஆனால் அதைக் கேட்டுக்கொண்டே நாயனத்தை ஊதிப் பழகினால் சுருதிக் கோளாறு வரக்கூடும். மேற்கத்திய இசையின் பன்னிரண்டு சுரங்களும் சம இடைவெளியில் வெட்டி வைக்கப்பட்டவை, நம் சுரங்கள் அப்படியல்ல. கேட்பது ஒரு நேரம், சாதகம் ஒரு நேரம் என்று பிரித்துக்கொள்வது நல்லது. பிடித்த ஜாஸ் வரியை முதலில் வாயால் பாடிப் பார்க்கலாம். சில வரிகள் மோகனத்தின் ஐந்து சுரங்களிலேயே அடங்கிவிடும். உடனே அது மோகனம் ஆகிவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது. எது ராகத்துக்குள் வரும், எது வராது என்பதை வாத்தியார்தான் சொல்ல வேண்டும். அந்த வாத்தியார் வாரம் இரண்டு நாள் சிரம்பானிலேயே கிடைக்கிறார் என்பது, மரியானோ நம் நாட்டுக்கு வந்துதான் பெற முடிந்த வசதி.

தம்பிக்கு 'ஜோதி' இசைத்தட்டின் இணைப்பை அனுப்பினேன். அதைத் தாத்தாவோடு உட்கார்ந்து கேட்க வேண்டும், பதிலுக்குத் தாத்தா போடும் ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தம்பி முழுதாகக் கேட்க வேண்டும் என்பது ஒப்பந்தம்.

நான்கு நாள் கழித்துத் தாத்தாவே அழைத்தார். சாக்ஸபோனைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த மிருதங்கக்காரர் யாரிடம் பாடம் கேட்டவர், கொன்னக்கோல் சொல்கிறவர் எந்த ஊர் என்று துருவித் துருவிக் கேட்டார். பேரன் காலையில் எழுந்து சாதகம் செய்கிறாரா என்று கேட்டேன். ஐந்தரைக்கு எழச் சொன்னால் ஆறே காலுக்குத்தான் எழுகிறான், ஆனால் எழுகிறான் என்றார்.